திரையும் ஏணியும்: காற்றாலைக் கண்காணிப்பு வேலைக்கு வருபவர்களுக்கு

பணகுடி, பழவூர், இராதாபுரம் பக்கம் போனாலும், வடக்கே கயத்தாறு, தேவர்குளம், சுரண்டை பக்கம் போனாலும், திருநெல்வேலிச் சீமையில் காற்றாலை கண்ணில் படாத சாலை குறைவு. ஊர்க்காரர்கள் அதைக் காத்தாடி என்கிறார்கள். அதில் வேலை செய்கிறவர்கள் மெஷின் என்கிறார்கள். ஓடுகிற ஒவ்வொரு மெஷினுக்கும் பின்னால் இரண்டு வகையான ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் கண்காணிப்பு அறையில் திரையின் முன்னால் உட்கார்ந்து, ஐம்பது அறுபது மெஷின்களின் நிலையை இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருப்பவர். மற்றவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறுகிற டெக்னீஷியன். இந்த இரண்டு வேலைகளில் ஒன்றுக்கு வர நினைக்கும் ஐடிஐ, டிப்ளமோ படித்த இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் ஆறு ஆண்டுகள் ஏணியிலும் அடுத்த ஐந்து ஆண்டுகள் திரையிலும் வேலை பார்த்தவன் என்ற முறையில், எனக்கு யாரும் முதல் நாளிலேயே சொல்லித் தராதவற்றைத்தான் முக்கியமாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். அலாரம் வந்தவுடன் ரீசெட் கொடுத்து மெஷினை மறுபடி ஓட வைப்பது கண்காணிப்பு வேலை அன்று. அது ஏன் நின்றது என்பதைக் கண்டுபிடித்து, எழுதி, உரிய ஆளிடம் சரியாகச் சொல்லி, அதன் பிறகே ஓட வைப்பதுதான் இந்த வேலை. இதைப் பழகிக்கொண்டால் மற்றவற்றை வேலையிலேயே கற்றுக்கொள்ளலாம்.

என்ன படித்திருக்க வேண்டும்

எலக்ட்ரீஷியன், எலக்ட்ரானிக் மெக்கானிக், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் ஆகிய ஐடிஐ பிரிவுகள் ஒவ்வொன்றும் இரண்டு ஆண்டுகள். பேட்டை அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து வெளியே வந்த பலரை இந்தத் துறையில் பார்த்திருக்கிறேன். மின்னியல், மின்னணுவியல், இயந்திரவியல் பிரிவுகளில் மூன்று ஆண்டு டிப்ளமோ முடித்தவர்களையும் எடுக்கிறார்கள். கண்காணிப்பு அறைக்கு டிப்ளமோவைக் கூடுதலாகக் கேட்பது வழக்கம். ஆனால் ஐடிஐ படித்து டெக்னீஷியனாகச் சேர்ந்து, மெஷினை உள்ளும் புறமும் அறிந்த பிறகு திரைக்கு வந்தவர்கள்தாம் என் பார்வையில் சிறந்த கண்காணிப்பாளர்கள். திரையில் ஒரு எண் மாறும்போது, எண்பது மீட்டர் உயரத்தில் எந்தப் பொருளுக்கு என்ன நேர்கிறது என்பது அவர்களுடைய மனக்கண்ணில் தெரியும்.

படிப்பு முடிந்தவுடன் அப்ரண்டிஸாகச் சேரும் வாய்ப்பு கிடைத்தால் சம்பளம் குறைவு என்று தள்ளிவிடாதீர்கள். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின்படி கிடைக்கும் அந்தச் சான்றிதழ், பின்னாளில் மின்வாரியத்துக்கோ அணுமின் நிலையத்துக்கோ விண்ணப்பிக்கும்போதும் கைகொடுக்கும். மின் உரிமம் வழங்கும் வாரியத்திடம் வயர்மேன் தகுதிச் சான்றும், டிப்ளமோக்காரர்கள் சூப்பர்வைசர் தகுதிச் சான்றும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. துணைமின் நிலையத்தின் யார்டில் பொறுப்பு எடுத்துக்கொள்ள அந்தத் தாள் தேவைப்படும். சென்னைப் பள்ளிக்கரணையில் தலைமையகம் கொண்ட தேசிய காற்று சக்தி நிறுவனத்துக்குக் கயத்தாறில் சோதனை நிலையம் இருக்கிறது. காற்றாலை டெக்னீஷியன்களுக்காக ‘வாயுமித்ரா’ என்ற பயிற்சியை நடத்தியதும் அந்த நிறுவனம்தான். அப்படிப்பட்ட பயிற்சி அறிவிப்பு வந்தால் விடாமல் விண்ணப்பியுங்கள். பெரிய மெஷின்கள் வைத்திருக்கும் நிறுவனங்கள், உயரத்தில் வேலை செய்வது, முதலுதவி, தீத்தடுப்பு, பாரம் தூக்கும் முறை ஆகியவற்றை உள்ளடக்கிய ஜிடபிள்யூஓ (குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன்) பாதுகாப்புப் பயிற்சியைக் கேட்கின்றன. அந்தச் சான்று இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், சொந்தப் பணத்தைக் கட்டிச் சேருவதற்கு முன்னால், வேலையில் சேர்ந்த பிறகு நிறுவனமே அனுப்புமா என்று கேட்டுப் பாருங்கள்.

நேர்காணலில் பெரும்பாலும் அடிப்படையைத்தான் கேட்பார்கள். மூன்று பேஸ் மின்சாரம் என்றால் என்ன, டிரான்ஸ்பார்மர் எப்படி வேலை செய்கிறது, காண்டாக்டருக்கும் பிரேக்கருக்கும் என்ன வேறுபாடு, மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பார்ப்பது எப்படி என்பவற்றைத் தடுமாறாமல் சொல்லத் தெரிய வேண்டும். உயரத்துக்கு அஞ்சுவீர்களா என்றும் கேட்பார்கள். அச்சம் இருந்தால் உண்மையைச் சொல்லிவிட்டுக் கண்காணிப்பு அறை வேலையைக் கேளுங்கள். தலைசுற்றல், வலிப்பு, இதயக் கோளாறு போன்றவற்றை மறைத்து ஏணியில் ஏறுவது உங்களுக்கும் உங்களோடு ஏறுகிறவருக்கும் ஆபத்து. பராமரிப்பு வேலையில் பெரும்பகுதி ஒப்பந்ததாரர்கள் வழியாகவே நடக்கிறது. எனவே வேலையில் சேரும் அன்றே பிஎஃப் எண், இஎஸ்ஐ அல்லது மருத்துவக் காப்பீடு, உயரத்தில் வேலை செய்பவருக்கான விபத்துக் காப்பீடு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

மெஷினைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது

காற்று வினாடிக்கு மூன்று அல்லது நான்கு மீட்டர் வேகத்துக்கு வரும்போது மெஷின் மின்சாரம் தரத் தொடங்கும். பதினொன்று முதல் பதின்மூன்று மீட்டருக்குள் முழு உற்பத்தியை எட்டும். இருபது முதல் இருபத்தைந்து மீட்டருக்கு மேல் போனால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே நின்றுவிடும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், ஆறு மீட்டரில் தூங்கிக் கிடக்கிற மெஷின் பத்து மீட்டரில் ஏன் அப்படிப் பாய்கிறது என்பது விளங்கும். இரண்டு மெகாவாட் மெஷினின் இறக்கை நிமிடத்துக்குப் பதினைந்து பதினாறு சுற்றுதான் சுற்றுகிறது. கியர்பாக்ஸ் அதை ஏறத்தாழ நூறு மடங்காக்கி, ஜெனரேட்டரை நிமிடத்துக்கு 1500 சுற்றை ஒட்டிய வேகத்தில் சுழற்றுகிறது. ஜெனரேட்டரில் பெரும்பாலும் 690 வோல்ட்டாகப் பிறக்கும் மின்சாரம், அடியில் உள்ள டிரான்ஸ்பார்மரில் 33 கிலோவோல்ட்டாகவும், பழைய பண்ணைகளில் 11 கிலோவோல்ட்டாகவும் உயர்ந்து, பீடர் எனும் மின்பாதை வழியாகத் துணைமின் நிலையத்துக்குப் போகிறது.

நம் பகுதியில் பழையதும் புதியதும் கலந்தே நிற்கின்றன. 1986-இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் மெஷின்களோடு தொடங்கிய கதை இது. முப்பது மீட்டர் கோபுரத்தில் 225, 250 கிலோவாட் மெஷின்கள் இன்னும் பல இடங்களில் ஓடுகின்றன. அவற்றுக்குப் பக்கத்திலேயே நூற்றிருபது மீட்டருக்கு மேல் உயர்ந்த புதியவையும் நிற்கின்றன. பழைய மெஷின்கள் பலவற்றில் காற்று மிகும்போது இறக்கையின் வடிவமே உற்பத்தியைக் கட்டுப்படுத்தும். புதியதில் ஒவ்வொரு இறக்கையையும் தன் அச்சில் திருப்பும் பிட்ச் அமைப்பு உண்டு. பழையவற்றில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு கிடைத்தால் அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். அவற்றில் ஒவ்வொரு ரிலேயையும் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டுக் கற்கலாம்.

திரையைப் படிப்பது

கண்காணிப்பு அறையில் முதல் வாரம் நீங்கள் செய்ய வேண்டியது, பச்சையாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களைப் பார்ப்பதுதான். பலரும் சிவப்பை மட்டும் கவனிக்கிறார்கள். நன்றாக ஓடும் மெஷினின் கியர் எண்ணெய் வெப்பம், பேரிங் வெப்பம், ஜெனரேட்டர் வைண்டிங் வெப்பம், பிட்ச் கோணம், மூன்று பேஸ்களின் மின்னோட்டம் ஆகியவை எந்தக் காற்றில் எவ்வளவு இருக்கின்றன என்பதை ஒரு நோட்டில் கையால் எழுதிப் பழகுங்கள். கணினி எல்லாவற்றையும் பத்து நிமிடச் சராசரியாகச் சேமிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது சேமிப்பதால் உங்களுக்குத் தெரிந்துவிடாது. நீங்கள் எழுதினால் தெரியும்.

பக்கத்து மெஷினோடு ஒப்பிடுவதுதான் எனக்குத் தெரிந்ததில் மிகப் பயனுள்ள பழக்கம். ஒரே வரிசையில் நிற்கும் ஒரே வகை மெஷின்கள் இரண்டு, ஒரே காற்றில் ஒரே அளவு உற்பத்தி தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் கியர் பேரிங் 62 டிகிரியும் இன்னொன்றில் 70 டிகிரியும் இருந்தால், இரண்டுமே அலாரம் எல்லைக்குக் கீழேதான் இருக்கும், திரையும் பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எட்டு டிகிரி உங்களிடம் ஏதோ சொல்கிறது. எண்ணெய்க் கூலரில் தூசி அடைத்திருக்கலாம், பில்டர் அடைத்திருக்கலாம், சென்சார் பழுதாகியிருக்கலாம், பேரிங்கே தேயத் தொடங்கியிருக்கலாம். அன்றே குறித்து வைத்து, நான்கு நாள் தொடர்ந்து பார்த்து, வேறுபாடு வளர்ந்தால் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். அலாரம் அடித்த பிறகு கண்டுபிடிப்பதற்கு ஆள் தேவையில்லை, அதைக் கணினியே செய்துவிடும். அலாரத்துக்கு முன்னால் கண்டுபிடிப்பதற்காகத்தான் உங்களுக்குச் சம்பளம்.

உற்பத்தி வளைவையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட காற்றுக்குத் தர வேண்டியதை விட மெஷின் குறைவாகத் தந்தால், இறக்கையில் அழுக்கும் பூச்சியும் படிந்திருக்கலாம், அல்லது காற்றுத்திசைகாட்டி சில டிகிரி தவறாகப் பொருத்தப்பட்டு மெஷின் காற்றுக்கு நேராக முகம் கொடுக்காமல் இருக்கலாம். வளைவை விட அதிகமாகத் தந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். காற்று வேகத்தை அளக்கும் கிண்ணமானியின் பேரிங் இறுகி அது மெதுவாகச் சுற்றினாலும் இப்படித்தான் தெரியும். உண்மையில் அடிக்கிற காற்று கூடுதலாக இருக்க, திரை குறைவாகக் காட்டும். அந்த மெஷின் உச்சக்காற்றில் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் போகக்கூடும் என்பதால் இது விளையாட்டான பிழை அன்று.

ஒரு அலாரம் வந்தால் அதன் பின்னாலேயே பத்து வரும். யா மோட்டார் (மெஷினைக் காற்றுக்கு முகமாகத் திருப்புவது) நின்றது, மெஷின் நின்றது, பிரேக் விழுந்தது, உற்பத்தி பூஜ்யம் என்று வரிசையாகத் திரை நிறையும். புதிதாக வந்தவர்கள் கடைசியில் வந்ததைப் படித்துவிட்டு அதையே காரணமாகச் சொல்கிறார்கள். நேர முத்திரையைப் பார்த்து முதலில் வந்தது எது என்று தேடுங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இதனால்தான் எல்லா மெஷின்களின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டுகிறதா என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சரிபார்க்க வேண்டும். இரண்டு நிமிடம் பிந்திய கடிகாரம், பீடர் விழுந்ததால், அதாவது அதில் மின்சாரம் நின்றதால், மெஷின் நின்றதா, மெஷினில் ஏற்பட்ட பழுதால் பீடர் விழுந்ததா என்ற கேள்விக்கே தவறான விடையைத் தந்துவிடும்.

மெஷின் நிற்பதும் தொடர்பு அறுவதும் வெவ்வேறு. ஒரு வரிசையில் உள்ள எட்டு மெஷின்களும் ஒரே நொடியில் சாம்பல் நிறமானால், உடனே எட்டும் நின்றுவிட்டதாகப் போன் செய்யாதீர்கள். அந்த வரிசையின் பீடர் மீட்டரைப் பாருங்கள். மீட்டரில் லோடு அப்படியே இருந்தால் மெஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, அறுந்தது ஆப்டிக்கல் கேபிள். யாராவது ஜேசிபி வைத்து வாய்க்கால் தோண்டியிருக்கலாம், பெட்டிக்குள் எலி கடித்திருக்கலாம், நெட்வொர்க் ஸ்விட்சின் யுபிஎஸ் பேட்டரி போயிருக்கலாம். இதைவிட மோசமானது உறைந்துபோன எண். காற்று 8.4, உற்பத்தி 910 என்று இருபது நிமிடமாக ஒரு புள்ளி கூட மாறாமல் இருந்தால், அந்த மெஷின் உங்களிடம் பேசவில்லை என்று பொருள். காற்று ஒருபோதும் அப்படி ஒரே நிலையில் அடிப்பதில்லை. பூஜ்யத்தைக் கண்டால் மனம் விழித்துக்கொள்ளும். நல்ல எண் உறைந்து நிற்கும்போது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

அச்சப்படத் தேவையில்லாத நிறுத்தங்களும் உண்டு. காற்று திசை மாற மாற மெஷின் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தால், கோபுரத்துக்குள் தொங்கும் கேபிள் முறுக்கிக்கொள்ளும். சில சுற்றுகளுக்குப் பிறகு மெஷின் தானாகவே நின்று முறுக்கை அவிழ்த்துவிட்டு மறுபடி ஓடும். இதற்கு யாரையும் நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம். சென்னையில் உள்ள மாநில மின்சுமை பகிர்வு மையம் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும் நேரத்தில் நிறுத்தும் மெஷின்களைப் பழுதுக் கணக்கில் எழுதக் கூடாது. மெஷின் தயார்நிலை வேறு, மின்தொடர் (கிரிட்) தயார்நிலை வேறு. இரண்டையும் கலந்து எழுதினால், பராமரிப்புக்காரர் செய்யாத தவற்றுக்கு அவர் தலையில் பழி விழும். ஒரு நாளைப் பதினைந்து நிமிடப் பகுதிகளாக, மொத்தம் 96 பகுதிகளாகப் பிரித்து உற்பத்தியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டிய முறையும் இருப்பதால், எத்தனை மெஷின் எப்போது திரும்பி வரும் என்று நீங்கள் சொல்லும் நேரத்தை வைத்துத்தான் அந்தக் கணக்கே போடப்படுகிறது.

ரீசெட்டைப் பற்றி

நான் திரைக்கு வந்த முதல் ஆண்டு, ஆடி மாதத்தில் ஒரு இரவு. ஒரு மெஷினில் கியர் எண்ணெய் வெப்ப அலாரம் வந்தது. காற்று நன்றாக இருந்தது, உற்பத்தி இழப்பைப் பற்றிக் காலையில் கேட்பார்களே என்ற நினைப்பில், ஆறியவுடன் ரீசெட் கொடுத்து ஓட்டினேன். ஒரு மணி நேரத்தில் மறுபடி நின்றது. மறுபடி கொடுத்தேன். மூன்று முறை இப்படிச் செய்தேன். விடிந்து டெக்னீஷியன் ஏறிப் பார்த்தபோது, எண்ணெய்க் கூலருக்குப் போகும் குழாய் வெடித்து, கோபுர உச்சியில் உள்ள நசெல் எனும் அறையின் தளம் முழுவதும் எண்ணெயாகக் கிடந்தது. முதல் நிறுத்தத்திலேயே விட்டிருந்தால் ஒரு குழாயோடு முடிந்திருக்கும். பேரிங்கும் கெட்டு, கிரேன் வரவழைத்து, அந்தக் காற்றுக்காலம் முடியும் வரை அந்த மெஷின் நின்றது. இரண்டு மெகாவாட் மெஷின் முழு உற்பத்தியில் ஒரு மணி நேரம் ஓடினால் 2000 யூனிட். அன்றிரவு ஆறு மணி நேர இழப்பைத் தவிர்க்க நினைத்து, ஐம்பது நாட்களை இழந்தேன்.

அன்று முதல் நான் வைத்திருக்கும் முறை இது. தொலைவிலிருந்து ரீசெட் கொடுக்க அனுமதி உள்ள அலாரங்களின் பட்டியலைத் தள பொறுப்பாளரிடம் எழுத்தில் வாங்கி மேசையில் ஒட்டிவைக்க வேண்டும். மின்தொடர் வோல்டேஜ் ஏறி இறங்கியதால் வந்த நிறுத்தம் போன்றவை அதில் இருக்கும். அப்படி அனுமதி உள்ளதற்கும் ஒரே ஒரு முறைதான் ரீசெட். அதே அலாரம் மறுபடி வந்தால் மெஷின் நின்றபடியே இருக்கட்டும். அதிர்வு, மிகைவேகம், பிரேக் தேய்மானம், புகை, கியர் எண்ணெய் அழுத்தம், பிட்ச் பேட்டரி ஆகியவற்றுக்குத் தொலைவிலிருந்து ரீசெட்டே கிடையாது. ஆள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மின்சாரம் அற்றுப்போன நேரத்தில் இறக்கையைத் திருப்பி மெஷினை நிறுத்துவது அந்தப் பிட்ச் பேட்டரிதான், அது வலுவிழந்த மெஷினை ஓட்டுவது பிரேக் இல்லாத பேருந்தை மலையில் இறக்குவதற்குச் சமம். மேலிருந்து யாராவது போனில் வற்புறுத்தினால், சொன்னவர் பெயரையும் நேரத்தையும் லாக் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறேன் என்று பணிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் வற்புறுத்தல் அங்கேயே நின்றுவிடும்.

போனில் பேசுவது

இந்த வேலையில் பாதி, போனில் பேசுவதுதான். மெஷின் எண், நின்ற நேரம், முதல் அலாரம், அப்போதைய காற்று, நீங்கள் இதுவரை செய்தது ஆகிய ஐந்தும் ஒரே மூச்சில் வந்துவிட வேண்டும்.

“அண்ணாச்சி, கண்ட்ரோல் ரூம்ல இருந்து பேசுதேன். பதினேழாம் நம்பர் மெஷின் ரெண்டு நாப்பதுக்கு நின்னுருக்கு. மொதல்ல வந்தது யா மோட்டார் ஓவர்லோடு. காத்து ஒம்பது மீட்டர். ரீசெட் எதும் கொடுக்கல. ரிமோட்டைப் பூட்டி வச்சிருக்கேன்.”

“சரி தம்பி, அதே பீடர்ல மத்ததெல்லாம் ஓடுதா?”

“ஓடுது அண்ணாச்சி. வோல்டேஜும் மூணு பேஸ்லயும் சரியா இருக்கு.”

இவ்வளவு போதும். இதைக் கேட்டவுடன் அவர் எந்தச் சாமானை வண்டியில் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிடுவார். ‘பதினேழு நின்னுட்டு, போய்ப் பாருங்க’ என்று மட்டும் சொன்னால், அவர் வெறுங்கையோடு போய், எண்பது மீட்டர் ஏறி, பியூஸ் இல்லை என்று இறங்கி வருவார். இருபத்தெட்டு வயதில் எனக்கு முழங்கால் வலி வந்தது அப்படிப்பட்ட போன்களால்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஏணியில் ஏறும் நாள்

தனியாக ஏறக் கூடாது. எந்த அவசரமாக இருந்தாலும் இரண்டு பேர். ஏறுவதற்கு முன்னால் கண்காணிப்பு அறைக்குச் சொல்லி, மெஷினை நிறுத்தி, அடியில் உள்ள பேனலில் லோக்கல் நிலைக்கு மாற்றிப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே நேரத்தில் திரையில் இருப்பவர் அந்த மெஷினின் ரிமோட் ஸ்டார்ட்டைத் தடுத்து, ஏறியவர்களின் பெயரையும் நேரத்தையும் எழுத வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விடக் கூடாது. ஒரு முறை நாங்கள் இரண்டு பேர் மேலே இருக்கும்போது, கீழே கண்காணிப்பு அறையில் ஷிப்ட் மாறிவிட்டது. போனவர் சொல்லவில்லை, வந்தவர் நின்ற மெஷினைக் கண்டு ஸ்டார்ட் கொடுத்திருக்கிறார். பேனலில் போட்டிருந்த பூட்டு எங்களைக் காத்தது.

முழு உடல் பெல்ட், ஏணிக் கம்பியில் ஓடும் பிடிப்பான், இரண்டு லேன்யார்டு (கொக்கி வைத்த பிடிகயிறு), ஹெல்மெட் ஆகியவற்றைத் தரையில் வைத்து ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். தையல் பிரிந்திருந்தாலோ, கொக்கியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ அதை மாட்டாதீர்கள். இரண்டு லேன்யார்டு எதற்கென்றால், ஒன்றைக் கழற்றி மாட்டும்போது மற்றொன்று உங்களைப் பிடித்திருக்க வேண்டும் என்பதற்காக. எத்தனை மீட்டர் காற்று வரை ஏறலாம், எதுவரை இறக்கைகள் சேரும் ஹப்புக்குள் போகலாம் என்பது ஒவ்வொரு மெஷினின் கையேட்டிலும் எழுதியிருக்கும். அந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருங்கள். ஹப்புக்குள் நுழைவதற்கு முன்னால் ரோட்டார் பூட்டைப் போட்டிருக்க வேண்டும். கன்வெர்ட்டர் பேனலில் மின்சாரத்தை அணைத்தவுடன் கை வைக்கக் கூடாது. உள்ளே உள்ள கெபாசிட்டர்கள் மின்னேற்றத்தை இறக்க, கையேட்டில் சொன்ன நேரம் வரை காத்திருந்து, பிறகு மீட்டர் வைத்து வோல்டேஜ் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். வானம் இருண்டு இடி கேட்டால் உடனே இறங்குங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே மறுபடி ஏற்றத்தைப் பற்றி யோசிக்கலாம். சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசியிலும் இது அடிக்கடி நடக்கும்.

33 கிலோவோல்ட் யார்டிலோ பீடரிலோ வேலை என்றால், மின்வாரியத் துணைமின் நிலையத்தில் எழுத்தில் எல்சி (லைன் கிளியர், அதாவது லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கியிருக்க வேண்டும். எல்சி வாங்கியவரேதான் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று வேறொருவர் கொடுக்கக் கூடாது. சப்ளை நின்றதை அந்த வோல்டேஜுக்குரிய டெஸ்டர் வைத்துப் பார்த்து, எர்த் ராடு போட்ட பிறகே கை வைக்கலாம். எதிர்முனையில் உள்ள காற்றாலையோ ஜெனரேட்டரோ பின்புறமாக மின்சாரத்தைத் தள்ளக்கூடும் என்பதால், வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் இருக்க வேண்டும்.

நம் மண்ணுக்கே உரிய சில எச்சரிக்கைகளும் உண்டு. கதவு இடுக்கு வழியாகப் பாம்பு நுழைந்து பேனலின் சூட்டில் சுருண்டிருக்கும். எனவே கதவைத் திறந்தவுடன் டார்ச் அடித்து, கம்பால் தட்டிப் பார்த்த பிறகு காலை வையுங்கள். நசெலுக்குள் குளவி கூடு கட்டியிருந்தால் கலைக்காமல் இறங்கி வந்து, வேறொரு நாள் ஆயத்தத்தோடு போங்கள். பெல்ட்டில் தொங்கிக்கொண்டு குளவியிடமிருந்து தப்ப முடியாது.

காற்றுக்காலமும் ஓய்வுக்காலமும்

பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பாய்வது வைகாசியிலிருந்து புரட்டாசி வரை. ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி இந்த மாதங்களிலேயே வந்துவிடும். இந்தக் காலத்தில் திட்டமிட்ட பராமரிப்பு என்று மெஷினை நிறுத்த மாட்டார்கள், விடுப்பும் எளிதில் கிடைக்காது. ஊரில் ஆடிக் கொடையோ வீட்டில் விசேஷமோ இருந்தால் இரண்டு மாதம் முன்பே சொல்லி ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். இரவு ஷிப்டில் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் கண் சொருகும். அந்த நேரத்தில் உட்கார்ந்தே இருக்காமல், எழுந்து நின்று ஒவ்வொரு மெஷினின் எண்ணையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது எனக்கு உதவியது.

ஷிப்ட் மாறும்போது லாக் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். வந்தவரை உட்கார வைத்து, எந்த மெஷினில் ஆள் இருக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். அதன் பிறகு எந்த மெஷின் நின்றிருக்கிறது, எது ஓடினாலும் சந்தேகமாக இருக்கிறது, எந்த எல்சி திரும்ப வரவில்லை என்பவற்றை வரிசையாகச் சொல்லி, இருவரும் கையெழுத்திடுங்கள். ‘எல்லாம் நார்மல்’ என்று எழுதிய பக்கம் யாருக்கும் உதவாது.

ஐப்பசி முதல் சித்திரை வரை மெஷின்களுக்குச் சிகிச்சைக் காலம். எண்ணெய் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபார்ப்பது, பில்டர் மாற்றுவது, பிட்ச் பேட்டரியை லோடு கொடுத்துச் சோதிப்பது, இறக்கை கழுவுவது எல்லாம் அப்போதுதான். காற்றுக்காலத்தில் உங்கள் நோட்டில் எழுதிய ‘எட்டு டிகிரி கூடுதல்’ போன்ற குறிப்புகள் இந்த மாதங்களில்தான் பயன்படும். எந்த மெஷினை முதலில் திறக்க வேண்டும் என்பதற்கு அந்த நோட்டே பட்டியல். கயத்தாறு, தேவர்குளம் பக்கத்துக் கரிசல் மண்ணில் மழை பெய்தால் வண்டி இறங்கிவிடும், எனவே கனமான வேலைகளைக் கார்த்திகை கழிந்து வைத்துக்கொள்வது நல்லது. அதே கரிசல், பங்குனியில் வெடித்துப் பிளந்து ஈரம் இழக்கும்போது எர்த் குழிகளின் மின்தடை ஏறிவிடும். மழைக்காலத்தில் அளந்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதுவதில் பொருளில்லை. பங்குனி வெயிலில் அளந்து, இடிதாங்கி எர்த் 10 ஓம்முக்கு மேல் போயிருந்தால் குழியைச் சரிசெய்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி அளந்து, அந்த எண்ணை மெஷின் கதவின் உள்பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். வைகாசி பிறப்பதற்குள் உங்கள் பொறுப்பில் உள்ள எல்லாக் கதவுகளிலும் அந்த ஆண்டுத் தேதி இருக்க வேண்டும்.